பெயர் வெட்டிய உடுப்பு

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நானும் மாமாவும் வாண்டும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கமாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சங்கதிக்குத் தாவிவிடுவேன். இந்தத் தடவை அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நலமா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை லாரி டிரைவர் அண்ணன் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனார். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்குக் கொஞ்சமாவது கேட்கிற காதின் பக்கம் திரும்பி உரக்கப் படித்தேன். உங்கள் அப்பாவுக்கு நான் கடிதம் படித்தால் தெருக்கோடி வரை கேட்கும். நம் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. கரையில் நின்று கயிறு இழுக்கிற வேலையிலிருந்து உங்களை மாற்றிவிட்டார்கள், இனிமேல் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி, மதகுக் கம்பிகளில் அடைத்துக்கொண்டிருக்கும் சேற்றையும் மரக்கிளைகளையும் எடுக்கிற ஆட்களில் நீங்களும் ஒருவர் என்று படித்ததும் மாமா தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கூலியும் கூடுதல், மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு என்று படித்ததும் இன்னொரு தட்டு. எப்படி மாற்றினார்கள் என்பது அடுத்த வரியில் இருந்தது. அங்கே என் குரல் நின்றுவிட்டது. தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் காதைக் குடைந்துகொண்டு, “மறுபடி படிம்மா” என்கிறார்.

மேஸ்திரி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, அவரவர் கொண்டுவந்த, பாதம் முதல் மார்பு வரை ஒரே துண்டாக மூடுகிற உடுப்பின் மார்புப் பக்கத்தைப் புரட்டி லேபிளைப் பார்த்தாராம். மஞ்சள் லேபிள் வைத்திருப்பவர்கள் மேலே பாதையில், நீலம் கரையில், சிவப்பு தண்ணீரில். உங்கள் உடுப்பில் சிவப்பு. “புகாது” என்று எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, உங்கள் தோளில் தட்டி, “நீ இறங்குடா” என்றாராம். உன் கைராசியே ராசி என்று எனக்கு ஒரு பாராட்டு வேறு எழுதியிருக்கிறீர்கள்.

என்னங்க, அந்த லேபிள் அங்கே எப்படி வந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாதா?

அது சோதனையில் தோற்ற உடுப்பு. எங்கள் தொழிற்சாலையில் தோற்ற உடுப்பின் லேபிளை வெட்டிவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று மூலையில் போடுவார்கள். பேர் வெட்டினது என்போம். ஒருத்தி வண்டிக்கு உறை தைப்பாள், ஒருத்தி கூரை ஒழுகுகிற இடத்தில் விரிப்பாள். நான் உங்களுக்காக எடுத்து வந்தேன். கரையில் நின்று கயிறு இழுக்கிறவருக்குச் சாரல்தானே அடிக்கும், அதற்கு இது ராஜா உடுப்பு என்று சொன்னேன். நீங்கள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். நாலு பேர் நடுவில் பேர் வெட்டின உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா, பெண்டாட்டி லேபிள் தைக்கிறவள் என்று சொல்லிக்கொண்டு எனக்கு ஒரு லேபிள் இல்லையா என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஏப்ரன் பைக்குள் அச்சு கோணிப்போன சிவப்பு லேபிள் ஒன்று கிடந்தது. வீட்டு மெஷினில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்து காட்டினீர்கள். வாண்டு பின்னாலேயே கைதட்டிக்கொண்டு வந்தாள். அது ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டை நம்பி ஒரு மேஸ்திரி உங்களைத் தண்ணீருக்குள் இறக்குவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கடைக்காரருக்கு எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான். குடை, கைக்கடிகாரம், சுவர்ப் பூச்சு, குழந்தையின் பள்ளிப்பை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிற்சாலையில் அப்படிச் சொன்னால் உதை விழும். அங்கே மூன்று நிற லேபிளுக்கும் மூன்று சொல் இருக்கிறது. ஒட்டாது என்றால் தூறல் விழுந்தால் உருண்டு ஓடிவிடும், அவ்வளவுதான். துணியின் மேல் தெளித்த மருந்து அது, நாலு தடவை துவைத்தால் போய்விடும். தாங்கும் என்றால் நல்ல மழையில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எவ்வளவு நேரம் என்று எந்த லேபிளிலும் எழுதுவதில்லை. புகாது என்பது வேறு ரகம். மழை தட்டிவிட்டுப் போய்விடும். தேங்கி நிற்கிற தண்ணீர் போகாது. நீங்கள் நிற்கிற வரைக்கும் அதுவும் நின்று நாலு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும், எங்கே ஓர் ஊசித்துளை கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். அப்படித் தேடியும் கிடைக்காத உடுப்புக்குத்தான் சிவப்பு லேபிள். உங்கள் உடம்பில் இருப்பது அது இல்லை. நல்ல மனதோடு சொன்னால் அதைத் தாங்கும் என்று சொல்லலாம்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே மேஸ்திரியிடம் போய், இது சோதனையில் தோற்ற உடுப்பு, லேபிள் வீட்டில் தைத்தது என்று சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அவரும் சிரிப்பார். மறுபடி கரைக்கு அனுப்புவார். கயிறு இழுப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? அந்த மலையில் போன் கோபுரம் சாய்ந்ததிலிருந்து எனக்கு இந்த லாரி ஒன்றுதான் கதி. அடுத்த லாரியில் ‘சொல்லிவிட்டேன்’ என்ற ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புங்கள், போதும்.

மாமா உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார். விவரம் எதுவும் அவரிடம் சொல்லவில்லை. மகன் தண்ணீருக்குள் நின்று நனையாமல் வருகிறான் என்று இப்போதே தெருவில் பாதிப்பேரிடம் சொல்லியாகிவிட்டது.

லாரிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
உங்கள் மனைவி

*

என்னவருக்கு,

அன்புள்ள என்று எழுதவில்லை. எழுத மனம் வந்தால் கடைசியில் எழுதுகிறேன்.

‘சொல்லிவிட்டேன்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. கசிவது உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான் என்கிறீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றிக்கொண்டு இறங்குகிறேன் என்கிறீர்கள். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு நனையாத இடம் ஏது என்று ஒரு கேலி வேறு. எனக்கே தண்ணி காட்டப் பார்க்கிறீர்களா? நாள் முழுக்கச் சொட்டு விழுகிறதா இல்லையா என்று பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறவள் நான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று, கால் விரல்கள் மாலையில் வெகுநேரம் மரத்துக் கிடக்கின்றன, தடித்த காலுறை இருந்தால் அனுப்பு என்பது. இன்னொன்று, “நேத்து ஏறி வரும்போது கால் ரொம்பக் கனமா இருந்துச்சு, ரெண்டு பேர் கை கொடுத்தாங்க” என்று போகிற போக்கில் எழுதியது. நீங்கள் அலுப்பு என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது அலுப்பு இல்லை. எங்கள் சோதனை அறையில் அந்த உடுப்புகளைத் தலைகீழாகத் தொங்கவிடுவதில்லை. நேராகத் தொங்கவிட்டு, கால்களுக்குள் தண்ணீரை நிரப்பி, வெளியே எங்கே சொட்டு எட்டிப் பார்க்கிறது என்று பார்ப்பார்கள். நிரம்பிய பிறகு அதைக் கொக்கியிலிருந்து இறக்க இரண்டு ஆட்கள் வேண்டும். கீழே கால் சேற்றில் புதைந்திருக்க, உள்ளே அவ்வளவு தண்ணீரோடு ஒரு மனுஷன் எப்படி அடி எடுத்து வைப்பார்? கை கொடுக்க அந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பக்கத்தில் இல்லாதிருந்தால்?

சோதனை அறையில் இருக்கிற சொட்டு அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சொட்டு எங்கே வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்டுபிடித்து, சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் அவருடைய வேலை, அதனால் அந்தப் பெயர். நான் எடுத்துப்போன உடுப்பு நினைவிருக்கிறதா அக்கா என்றேன். “ஏன் இல்லாம? கவட்டைல ஒரு வட்டம், இடது முட்டில ஒண்ணு, குதிகால்ல ஒண்ணு போட்டேனே. அது மழைக்கே யோசிக்கணும்” என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அங்கே நிற்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும், என் தொழிலே அதுதான். துணியில் தையல் போட்டால் போட்ட இடமெல்லாம் ஊசித்துளை. அதற்காகத் தையலின் மேலே ஒரு பட்டையை வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டுவார்கள். லேபிளைத் தைத்தாலும் அதே கதைதான், அதன் பின்பக்கத்திலும் பட்டை ஒட்ட வேண்டும். அதனால்தான் சோதனைக்கு முன்னாலேயே லேபிளைத் தைத்துவிடுகிறோம், தோற்றால் வெட்டுகிறோம். வீட்டில் அந்தச் சூட்டு அழுத்தி ஏது? நான் மெழுகுவத்தியைத் தேய்த்து விட்டேன். மெழுகு அந்தக் குளிரில் ஒரு நாள் நிற்குமா, பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். ஆக ‘புகாது’ என்ற எழுத்தைச் சுற்றி நாலு பக்கமும் நானே துளை போட்டு அனுப்பியிருக்கிறேன். சரியாக உங்கள் நெஞ்சுக்கு நேரே. தண்ணீர் நெஞ்சு மட்டம் ஏறுகிற நாளில் அது அந்த எழுத்தின் வழியாகத்தான் உள்ளே வரும்.

இத்தனையும் தெரிந்த பிறகு உங்கள் கடைசிச் சாக்கைப் படித்தேன். மேஸ்திரியிடம் சொன்னால் அவர் ஒப்பந்தக்காரரிடம் சொல்வார், ஒப்பந்தக்காரர் தொழிற்சாலைக்கு எழுதுவார், தோற்ற உடுப்பில் லேபிள் தைத்தவள் யார் என்று தேடுவார்கள், உன் வேலை போய்விடும், அப்பாவின் மருந்துக்கும் வாண்டுவின் பள்ளிக்கும் அது ஒன்றுதானே நிரந்தரம் என்கிறீர்கள். இந்த மழைக்காலம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்கிறீர்கள். இதை மட்டும் நீங்கள் கேலி பண்ணாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதுதான் உண்மையான காரணம் என்று தெரிகிறது. மற்றதெல்லாம் பூசி மெழுகியது.

நான் கேட்டேனா உங்களை, என் வேலையைக் காப்பாற்றுங்கள் என்று? காலை முதல் மாலை வரை சின்னச் சதுரத் துணியை நாலு பக்கம் தைக்கிற வேலை. அதற்கு ஈடாக உங்கள் இரண்டு காலையும் வைக்கச் சொன்னேனா?

வாண்டுவிடம் அந்த மூன்று சொல்லையும் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தாத்தாவுக்கு ஒட்டாது, என்ன சொன்னாலும் காதிலிருந்து உருண்டு ஓடிவிடுகிறதாம். அம்மாவுக்குத் தாங்கும். அப்பாவுக்கு என்ன என்று கேட்டேன். “அப்பாவுக்குப் புகாது. நீ எழுதி எழுதி அனுப்புற, ஒண்ணும் உள்ள போகல” என்றாள். மாமா அது காதில் விழாமலேயே எங்களோடு சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலுறை மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன். அவை கரையில் போட்டுக்கொள்ள. தண்ணீருக்குள் போட்டுக்கொள்ள அனுப்பவில்லை, புரிகிறதா? உங்கள் காலில் விழுகிறேன், சொல்லிவிடுங்கள்.

அன்புள்ள என்று இப்போது எழுதிக்கொள்கிறேன். உங்கள் மேல் இருக்கிற கோபம் எவ்வளவோ, இதுவும் அவ்வளவு.

உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள, அன்புள்ள என்னவருக்கு,

இந்த முறை லாரி வந்தது. கடிதம் வரவில்லை. வாண்டுதான் முதலில் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். டிரைவர் அண்ணன் அவள் கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை தங்கச்சி என்று அவர் அவசரமாகச் சொன்னார். “நல்லாத்தான் இருக்காரு. விரல் மடங்கலையாம், பேனா பிடிக்க வரலையாம். அதான் எழுதல. நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு.” சாப்பிட்டாரா என்று கேட்டேன். தட்டை மடியில் வைத்துக் கரண்டியை உள்ளங்கைக்குள் செருகிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்தாராம். போன வாரத்தை விட நீர்மட்டம் ஏறியிருக்கிறது, இப்போது நெஞ்சு வரை வருகிறது, வேலையை முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள் என்றும் சொன்னார். அவர் பாவம், சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த நெஞ்சு என்ற சொல் எனக்கு என்ன செய்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கு எழுதிப் பிரயோசனம் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எழுதுவதை நீங்கள் படிப்பீர்கள், மடித்து உறைக்குள் வைப்பீர்கள், மறுபடியும் என் வேலையை நினைத்துக்கொண்டு இறங்குவீர்கள். அதனால் நேற்றுக் காலை மெஷினில் உட்காருவதற்கு முன்னால் மேலாளர் அறைக்குப் போனேன்.

ஐயா, நம் லேபிள் ஒன்று தோற்ற உடுப்பில் இருக்கிறது, தைத்தது நான், அதைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் தண்ணீருக்குள் நிற்கிறார், அவர் என் வீட்டுக்காரர் என்று நின்ற நிலையில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். முதலில் அவர் கேட்டது, லேபிளில் நம் தொழிற்சாலைப் பெயர் தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான். தெரியும் ஐயா, கொஞ்சம் கோணலாக இருக்கும் என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, பிறகாவது கேட்டாரே. அவரையும் மனுஷர் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

உடனே ஒப்பந்தக்காரருக்கு ஓர் அறிவிப்பு தட்டச்சு செய்தார்கள். அச்சு கோணிய சிவப்பு லேபிளோடு இருக்கிற உடுப்பு எங்களுடைய சோதனையில் தேறியது அல்ல, அதை அணிந்தவரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று எழுதி முத்திரை குத்தினார்கள். நான் அந்தக் காகிதத்தை அடிக்கொரு தரம் படித்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக அந்தச் சொல்லைத் தைத்திருக்கிறேன், அதற்கு எதிராக ஒரு காகிதத்தை இவ்வளவு ஆசையாகப் படிப்பேன் என்று நினைத்ததில்லை. பிறகு ஏப்ரனையும் கத்தரிக்கோலையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். இனி வர வேண்டாம் என்றார். சரி ஐயா என்றேன். வாசல் வரை சொட்டு அக்கா கூடவே வந்தார். “இதை எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாடி” என்று என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, பிறகு அணைத்துக்கொண்டார்.

ஆகவே என் வேலை போய்விட்டது. இதை வருத்தப்படுவதற்காக எழுதவில்லை. நீங்கள் எதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றீர்களோ அது இப்போது இல்லை. இனிமேல் உங்களுக்குச் சாக்கு எதுவும் பாக்கி இல்லை. கைக்குட்டையைக்கூட நனைக்காமல் இதை எழுதுகிறேன், நம்புங்கள். தெருமுனைத் தையல்கடை அக்காவிடம் கேட்டிருக்கிறேன், பட்டன் கட்டவும் ஓரம் மடிக்கவும் ஆள் வேண்டும் என்றார். நாம் பிழைத்துக்கொள்வோம்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்திச் சொன்னேன், தெருவே கேட்டிருக்கும், கேட்கட்டும். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு வெகுநேரம் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போய் இனி என்ன சொல்வது என்று யோசிக்கிறாரோ என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம் எழுது என்றார். “நனையாம வர்ற மகனைப் பத்தி நான் பீத்தினது போதும்னு எழுது. அவன் நனைஞ்சுட்டே வரட்டும். வந்தா போதும்.” சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

நாளை மலைக்குத் திரும்புகிற லாரியில் என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி டிரைவர் அண்ணனிடம் கெஞ்சினேன். வழியில் சோதனைச் சாவடியில் ஆள் எண்ணிக் கூடுதல் ஆளை இறக்கிவிடுவார்கள், பாதி மலையில் நின்றுகொண்டு என்ன செய்வாய் என்று சொல்லிவிட்டார். அதனால் எனக்குப் பதிலாக மூன்றை அனுப்புகிறேன். ஒன்று இந்தக் கடிதம். இரண்டாவது அந்த அறிவிப்பின் நகல், அதுவும் இதே லாரியில் மேஸ்திரி பெயருக்கு வருகிறது. மூன்றாவது இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிற, தையல் பிரிக்கிற சின்னக் கத்தி. பார்த்துப் பிரியுங்கள், விரலில் உணர்ச்சி இல்லாதபோது வெட்டினாலும் தெரியாது. முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். லேபிளின் மேல் ஓரத்தில், வலது மூலையில் ஓர் இழை சற்றுத் தூக்கலாக இருக்கும். அதை அறுத்து இழுத்தால் நாலு பக்கமும் ஒரே இழுப்பில் வந்துவிடும். விளையாட்டுத்தானே, என்றைக்காவது பிரித்துவிடலாம் என்று அப்படித்தான் தைத்தேன்.

அறிவிப்பை மேஸ்திரி பிரித்துப் படிப்பதற்குள் நீங்களே அவர் முன்னால் போய் நின்று சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொன்னதாக இருக்கட்டும். அந்த ஒரு கௌரவத்தை உங்களுக்காக மிச்சம் வைத்திருக்கிறேன். அவர் உங்களைத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கரைக்கு அனுப்பினால் கயிறு இழுங்கள். வீட்டுக்கே அனுப்பினால் அதைவிட நல்லது, அதே லாரியில் ஏறி வாருங்கள். வெந்நீர் போட்டு வைக்கிறேன். உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக நான் தேய்த்துவிடுகிறேன்.

வாண்டு எனக்குக் கொடுத்த லேபிள் உங்களுக்கு நினைவிருக்கும். தாங்கும் என்றாள். எவ்வளவு நேரம் என்று அதில் எழுதுவதில்லை என்று முதல் கடிதத்தில் நான்தான் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு இன்னும் ரொம்ப நேரம் இல்லை. அடுத்த லாரி வரை எப்படியாவது தாங்குவேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

டிரைவர் அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மூட்டை இறக்குவதற்கு முன்னால், டீ குடிப்பதற்கு முன்னால், முதல் வேலையாக இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். கொட்டகையில் நீங்கள் இல்லை என்றால், தண்ணீருக்குள் இருக்கிறீர்கள் என்றால், கரையில் நின்று உங்களைக் கூப்பிட வேண்டும். கையைத் தட்டியாவது, ஹாரன் அடித்தாவது கூப்பிட வேண்டும். நீங்கள் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

அவர் கூப்பிடுவார். ஒரே ஒரு தடவை, அவர் கூப்பிட்டதும் உடனே பதில் குரல் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் குரலுக்காக,
நான்